வெற்று எடை

இரும்பு லாரிகள் இரவில்தான் வரும்.
பர்கூர் சாலையில் எங்கள் எடைமேடை.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், ஒரு மின்விசிறி,
சிவப்பு எண்கள்.
ஏற்றியது கழித்தல் வெற்று.
அவ்வளவுதான் எனக்குச் சம்பளம் தரும் கணக்கு.

மாதப்பன் வண்டி உச்சியில்
ஜன்னல் கம்பிகளுக்கும் உடைந்த கிரைண்டருக்கும் நடுவே
கிடாக்கொம்பு போல் சுருண்ட ஒரு ஹேண்டில்பார்
எதையோ முட்ட வந்து பாதியில் மறந்தது போலிருந்தது.
"ரேஸ் சைக்கிள்மா. ஒசூர்ல ஒரு கார் ஷெட்டுல கெடந்துச்சாம்.
வேணுமா? கிலோ முப்பத்திரண்டு."

கயிறு கட்டி இறக்கினார்.
திரையில் பத்து குறைந்தது.
எங்கள் இயந்திரம் பத்துப் பத்தாகத்தான் எண்ணும்,
மீதி கிலோ எனக்கு இலாபம்.
முந்நூற்றிருபது ரூபாய்க்கு
என் பெயருக்கு நானே சீட்டு அடித்தேன்.

பெயர்த்தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள்.
நீலத்துக்கு அடியில் பச்சை,
பச்சைக்கு அடியில் செம்பொடி.
மாம்பழக்கூழ் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிச்
செயினைப் போட்டேன்.
கியர்ப் பற்களுக்குப் புளி.
வீட்டில் இரண்டு நாள் ரசம் இல்லை.
அச்சில் குண்டுகள் இருபத்திரண்டு இருக்க வேண்டும்,
எண்ணினால் இருபத்தொன்று.
கடைசிக் குண்டு நான்காம் நாள் உளுந்து டப்பாவில் கிடைத்தது.
எப்படி என்று கேட்காதீர்கள்.

எல்லாம் கழன்றது.
சீட்டுக்குழாய் மட்டும் வரவில்லை.

இரும்புக்குள் அலுமினியம்.
"துரு இல்லக்கா, உப்பு" என்றான் வெல்டிங் இம்தியாஸ்,
"உள்ள உட்காந்துக்கிட்டே வேர்த்திருக்கு."
கொதிநீர் ஊற்றினோம், பனிக்கட்டி கட்டினோம்,
இரண்டடிக் குழாயை மாட்டி ஆளுக்கொரு பக்கம் தொங்கினோம்.
பங்குனி முழுக்க ஒரு மயிரிழை அசையவில்லை.
இருபத்தாறாம் நாள் ரம்பத்தை எடுத்தான்.
"அறுத்துடலாம்."

அறுக்கும் முன் ஒருமுறை ஏறிப் பார்த்தேன்.
சுவரைப் பிடித்துக்கொண்டு
காலைக் கீழே விட்டால்
பெடலுக்கும் என் பாதத்துக்கும் மூன்று விரல் வெளி.

நெடிய ஆள்.
வலது பெடல் மட்டும் அதிகம் தேய்ந்திருக்கிறது.
இடது பிரேக்கைத் தொட்டதே இல்லை போல.
கடைசியாக இறங்கிய அன்று
மறுநாள் ஏறுவதாகத்தான் இருந்திருக்கும்.
யாரும் தன் கால் அளவை வேண்டுமென்றே விட்டுப்போவதில்லை.

"வேண்டாம்" என்றேன்.
இம்தியாஸ் என்னைப் பார்த்தான், ரம்பத்தைப் பார்த்தான்.
பிறகு திட்டிக்கொண்டே ஒரு லாரி டயரை வெட்டிப்
பெடலின் இருபுறமும் கட்டை கட்டையாய் முடுக்கினான்,
மூன்று விரல் உயரத்துக்கு.
"பாக்கறவன் சிரிப்பான்க்கா."
சிரித்தார்கள்.

வைகாசி ஞாயிறு, விடியும் முன்.
சுங்கச்சாவடியில் ஓரத்துச் சந்து, கட்டணமில்லை.
அணை ரோட்டில் ஒரு நாய் துரத்தி, மூச்சு வாங்கி நின்றுவிட்டது.
முதுகு வளைந்து, கொம்பின் அடிப்பிடியில் கை வைத்து,
இந்தச் சாலை சரிவென்று
இத்தனை வருடம் பஸ்ஸில் போய்த் தெரியாமலிருந்ததை
என் தொடைகள் சொல்லிக்கொண்டு வந்தன.

திரும்பும்போது நேராக எடைமேடையில் ஏறினேன்.
பகல் ஷிப்ட் தெய்வானை மைக்கில் கேட்டாள்:
"வண்டி நம்பர்?"
இல்லை.
"சரக்கு?"
கால் ஊன்றாமல் தள்ளாடிக்கொண்டிருந்தேன்.
எண் அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவே அல்லாடியது.
ஊன்றினேன்.
எழுபது.

இதில் எது வெற்று என்று அவள் கேட்கவில்லை.
பின்னால் மாங்காய் லாரி ஹாரன் அடித்தது.
நான் குனிந்து
உயரமான அந்தப் பெடலைக் காலால் தேடிக்கொண்டிருந்தேன்.