செத்துக்காட்டுதல்

மேட்டூரில் மதகு தூக்கிய அன்று
பதினொரு முட்டை வைத்தாள் பவுனு.
ஒன்று மஞ்சளாகச் சுருங்கியிருந்தது.
மீதிப் பத்தை டிபன் டப்பாவில், ஈரப் பெர்லைட்டில்,
உச்சியில் பென்சில் புள்ளி வைத்து அடுக்கினேன்.
திருப்பிவிட்டால் உள்ளே மூழ்கிச் சாகும்.

இருபத்தெட்டு டிகிரி.
திருத்துறைப்பூண்டியில் சூட்டுக்கா பஞ்சம்?
குறைக்கத்தான் கூலர், கூலருக்கு இன்வெர்ட்டர்.
"பாம்புக்கா மாப்ள?" என்றார் ஹபீப்.
பாட்டரியைத் தானே தூக்கிவந்து
வாசலோடு வைத்துவிட்டு ஓடினார்.

பாம்பென்றால் படையே நடுங்குமாம்.
இந்தப் பன்றிமூக்குக்காரி
என் கைக்கடிகாரம் மினுங்கினாலே நடுங்குவாள்.
சித்திரையில் ஆணை உள்ளே விட்ட முதல் நாள்
வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு,
மல்லாந்து செத்துப்போனாள்.
அவன் அவள்மேல் ஏறி இறங்கித்
தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விட்டான்.
சம்பந்தம் பேசிய நான்
தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன்.

ஐம்பத்தைந்தாம் இரவு.
கடைமடைக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை.
செல்போன் வெளிச்சத்தில் ஒரு முட்டை
பிளேடு பட்ட காகிதமாய்க் கீறியிருந்தது.
கீறலில், சட்டைப் பொத்தானைவிடச் சின்னதாக,
மேலே தூக்கிய ஒரு மூக்கு.
அவ்வளவுதான். விடியும்வரை அவ்வளவுதான்.
ஜெராக்ஸ் கடையை நான் திறக்கவில்லை.

பத்து மணிக்கு முழுசாக வந்தது,
பென்சில் நீளம்.
என்னைப் பார்த்தது.
கழுத்தை விரித்துச் சீறியது.
உடனே செத்தது.

யார் சொல்லிக்கொடுத்தார்கள்?
பிறந்து நாலு நிமிடம்கூட ஆகவில்லை.
விரலால் நிமிர்த்தி வைத்தேன்,
புரண்டு மல்லாந்தது.
மறுபடி நிமிர்த்தினேன்,
மறுபடி மல்லாந்தது,
நாக்கைக் கொஞ்சம் கூடுதலாக நீட்டிக்கொண்டு.

ஹபீபுக்குப் போன் போட்டேன்.
"ஒண்ணு செத்துடுச்சு பாய்,
சீக்கிரம் வந்து பாருங்க."