பதினோரு நொடி

முதலில் கன்று என்றுதான் பேச்சு.
தோவாளைப் பக்கம் ஒரு வெள்ளைக் கன்று
குளித்துப் பொட்டு வைத்துத் தயாராகவும் நின்றது.
'வேண்டாம் டே, மேற்க நாலு பஞ்சாயத்து கையவிட்டுப் போவும்'
என்றார் சுதர்சிங் அண்ணன்.
ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுப் பார்த்தோம்.
ஞாயிறுபள்ளிக் காலண்டர் மாதிரியே வந்தது படம்.
அழி என்றார், கிழக்கை நினைத்து.
பக்ரீதுக்கு இன்னும் ஒரு வாரம்தான் என்பது
அப்புறம்தான் எனக்கும் உறைத்தது.
யானைக்கு வனத்துறை. பூனைக்கு அவர் மாமியார்.

இந்த மாவட்டத்தில்
கோவிலுக்கும் சபைக்கும் ஜமாத்துக்கும் சேராத
ஓர் உயிர் வேண்டுமென்று
மூன்று நாள் அலைந்தேன்,
அறுநூறு ரூபாய் பெட்ரோல்.

திங்கள்சந்தையில் மரச்சீனி விற்கும் கடைக்குப் பின்னால்
கிடந்தது அது.
செவலை. ஒரு காது மடங்கி,
மற்றது எதையோ கேட்டபடி.
'அது ஆருக்க பட்டியும் இல்ல'
என்றாள் கடைக்காரி செல்வபாய்.
பெயர் கேட்டேன்.
'போ-ண்ணு சொல்லுவேன்.'
போ என்றால் வாலாட்டிக்கொண்டு வந்தது.

காலை ஆறரை வெளிச்சம்.
அண்ணன் வேட்டியை ஒதுக்கிக் குத்தவைத்தார்,
பன் நீட்டினார்.
முகர்ந்தது, தின்றது,
அவர் முழங்கையில் தலையைச் சாய்த்தது.
பதினோரு நொடி.
புல்லாங்குழல் நான் சேர்த்தது.
'வாயில்லா ஜீவனின் வாக்கு' என்ற வரியும் என்னுடையதே.
பொழுது சாயுமுன் நாற்பதாயிரம் இதயம்.
குவைத்திலிருந்து ஒரு நர்ஸ்
தான் அழுததாக எழுதியிருந்தாள்.
எதிர்க்கட்சிக்கு வேலை செய்யும் விஜின்,
மார்த்தாண்டத்தில் என்னோடு படித்தவன்,
ராத்திரி கூப்பிட்டான்:
'பட்டிய எங்கண பிடிச்ச மக்கா?'
மறுநாள் அவன் ஆள் தோளில் ஒரு கிளி.

பன்னிரண்டாம் நொடியில் அது கடித்தது.

கோபமில்லை. பன் தீர்ந்துவிட்டது
என்று சொல்வதுபோல ஒரு கடி.
உள்ளங்கையில் இரண்டு புள்ளி.
வட்டச் செயலாளர் கல்லெடுத்தார்.
அண்ணன் அந்தக் கையைத் தட்டிவிட்டார்.
'எளவு, சும்மா நில்லும் வே.
வெளிய தெரிஞ்சா வண்டி வந்து பிடிச்சிட்டுப் போவான்.'

அந்த வாக்கியத்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்துவிட்டேன்,
நிறுத்தி, மெதுவாக்கி.
நாய்க்காகச் சொன்னதா, செய்திக்கு அஞ்சியா?
முகம் இல்லை.
கேமரா தரையைப் பார்த்துவிட்டது.
அவர் செருப்பும் அதன் பின்னங்காலும்தான்.
இரண்டும் விலகாமல்.

ஆசாரிபள்ளத்தில் ஊசி.
அந்தத் தேதிகளில் 'உள்கட்சிக் கூட்டம்' என்று போட்டேன்.
மூன்றாம் ஊசி அன்று கருங்கலில் மேடை,
கையை மூடி ஒரு சால்வை.
'நன்றியை நாயிடம் படியுங்கள்' என்றார்,
நான் எழுதிக் கொடுக்காதது.

பத்து நாள் நாயைக் கவனிக்கணும்,
அதற்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றார் டாக்டர்.
அது என் வேலையாயிற்று.
தினமும் ஆறரைக்குப் போய் நின்று
போ என்பேன். வரும்.
'உயிரோடு இருக்கு' என்று செய்தி அனுப்புவேன்.
ஒரு கட்டைவிரல் பதிலாக வரும்.
செல்வபாய் நான்காம் நாள்
அந்தப் பன்னுக்கு ஏழு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டாள்.
ஏழாம் நாள் மழை. அது வரத் தாமதித்த
கால்மணி நேரத்தில்
அண்ணனிடமிருந்து மூன்று அழைப்பு.
பத்து முடிந்தது.

பதினோராம் நாள் நான் போகவில்லை.
போக வேண்டியதில்லை.
ஆறே முக்காலுக்கு போன் அதிர்ந்தது:
'போ எப்பிடி இருக்கு?'

எழுந்து உட்கார்ந்து
இரண்டு முறை படித்தேன்.
ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன்.
பல் தேய்க்குமுன்பே
இதற்கு எந்த இசை பொருந்துமென்று
விரல் தேட ஆரம்பித்திருந்தது.