கடைசி எண்

பகாவ் கிளினிக்கில் காலை ஏழு மணி.
பசியாறாமல் வரச் சொல்லியிருந்தோம்.
அமிர்தலிங்கம் தே ஓ குடித்துவிட்டு வந்திருக்கிறார்.
"கொசோங்தான் மிஸி, சீனி போடல" என்கிறார்
பாதி குற்றம் குறைந்ததுபோல.

இது இனிப்புநீர்ச் சோதனை இல்லை என்று
மூன்றாம் முறையாகச் சொல்கிறேன்.
அது ரத்தத்தில் மிதக்கும் சீனி.
இது ரத்தத்தின் காவல் புரதங்கள்
தோளில் ஒட்டிச் சுமக்கும் சீனி.
கிளையாய்ப் பிரிந்து,
கிளை நுனியில் ஒன்றிரண்டு மணியோடு
எந்தக் கண்ணுக்கும் தெரியாமல் —
"அப்ப ரொட்டி சானாய் சாப்பிடலாமா?"
ஊசிக்கு அப்புறம் சாப்பிடலாம்.

இரண்டு அடையாள அட்டைகள் மேசைமேல்.
முதல் ஆறு எண்கள் ஒன்றே:
எழுபத்தொன்று, ஏப்ரல், ஒன்பது.
பிறந்த மாநிலத்தின் எண்ணும் ஒன்றே.
கடைசி எண்ணில்தான் பிரிகிறார்கள்.
அவருக்கு ஏழு; ஒற்றைப்படை, ஆண்.
தங்கை அமராவதிக்கு இரண்டு.
அரசாங்கத்துக்கு அது போதும்.

"என்னா தங்கச்சி, பத்து நிமிஷம்" என்கிறாள்.
அந்தப் பத்து நிமிஷத்தில்
கோழியின் தொடை அவனுக்குப் போயிற்று,
முதல் மோட்டார் போயிற்று,
அப்பா செத்த பிறகு
வீட்டுக் கிராண்டில் பெயரும் போயிற்று.
இவள் செம்பனைக் காட்டில்
மருந்து அடிக்கப் போனாள்.

பாரத்தில் ஒரு கேள்வி அவளுக்கு மட்டும்:
கடைசியாகத் தூரமானது எப்போது?
அண்ணன் எழுந்து
சுவரில் ஒட்டியிருந்த கொசுப் படத்தை
வாசிக்கப் போகிறார்.
"தீபாவளிக்கு முந்தின மாசம்."
எந்தத் தீபாவளி?
விரல் விட்டு எண்ணுகிறாள்.
"கோவிட்ல வாசல் பூட்டிக் கெடந்த தீபாவளி."
வீட்டில் யாருக்கும் தெரியாதாம்.
கேட்டால்தானே.

மூன்று மாதம் கழித்துத் தாள்கள் வந்தன.
பாலின் இனிப்பில் பாதி காலக்டோஸ்.
அந்தக் கிளை நுனிகளில் இருப்பதும் அதுவே.
வயது ஏற ஏற உதிர்கிறது.
ஆணுக்கு மெல்ல,
வாடகை ஏறுவதுபோல.
பெண்ணுக்கு நெடுநாள் நிறைந்திருந்து
தூரம் நிற்கும் வருஷங்களில்
சடசடவென்று.

நாற்பத்து நான்கில் கொடுத்த பழைய குழாயில்
அவள் ரத்தத்துக்கு முப்பத்தெட்டு வயது.
அவருக்கு நாற்பத்தாறு.
இந்தமுறை அவருக்கு ஐம்பத்தைந்து.
அவளுக்கு அறுபது.
இது வெறும் கணக்கு, முன்னே பின்னே இருக்கும்,
நோய் இல்லை, பயப்பட ஒன்றும் இல்லை என்றேன்.
அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.
அதே ஆராய்ச்சியில் என் குழாயும் இருந்தது;
என் தாளை நான் இன்னும் பிரிக்கவில்லை.

அமராவதி பயப்படவில்லை.
எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தாள்.
"அஞ்சு வருஷம்" என்றாள்.
"பத்து நிமிஷம் போக, அஞ்சு வருஷம்."
தாளை நாலாய் மடித்து
அட்டை உறைக்குள் செருகிக்கொண்டு
அண்ணன் பக்கம் திரும்பினாள்:
"டேய் லிங்கம்,
அக்கான்னு கூப்பிடு."

அவர் சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
அவள் எங்களுக்காகக் காத்திருந்தாள்,
நாங்கள் சிரித்து முடிக்கும்வரை.
பிறகு கேட்டாள்:
"நில ஆபீஸ்ல
இந்தத் தாளை எடுப்பாங்களா, மிஸி?"