கெம்பம்மாவின் வீடு, 1890

சப்படிக் கல் கிடைக்கவில்லை விளையாட்டில்.
இத்தாலிச் சலவைக்கல் ஏழு நிறத்தில் இருக்கிறது,
கிருஷ்ணகிரிக் கல்தான் இல்லை.
தோட்டத்துப் பாறையைப் படுக்கவைத்து, நீட்டி,
மூன்று ராத்திரியில் கூரை போட்டேன்.

வருடம் ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு.
ஆகவே ஃபேன் இல்லை, சுவிட்ச் இல்லை.
சுவரில் மாடக்குழி, பதினொன்று.
கெம்பம்மா என்று பேர் வைத்து
ஒருத்தியைக் குடிவைத்தேன்.

நான்காம் நாள் அவள்
கால்களைச் சேர்த்துக்கொண்டு
கூடத்தின் நடுவில் நின்று
இரண்டு கையையும் என்னைப் பார்த்து ஆட்டினாள்.
அந்தக் காலத்தில்
வீட்டுக்குள் கக்கூஸ் கிடையாதும்மா
என்று செல்லிடம் சொன்னேன்.
வரலாறு அவளுக்குப் புரியவில்லை.

விடிகாலை ஐந்து மணி, ஓசூர்.
ஆறு ரூமுக்கு ஒன்று.
வாளியோடு எனக்கு முன்னால் நான்கு பேர்,
உள்ளே ரேணுகா, பாட்டு வேறு.
ஐந்தரைக்குக் கம்பெனி பஸ்.
கால்களைச் சேர்த்துக்கொண்டு
நானும் மேலே பார்த்தேன்.
ஆஸ்பெஸ்டாஸ்.

ஷிப்ட் முடிந்து திறந்தபோது
நிறுத்திவைத்த நிமிடத்தில்
தூக்கிய கையோடு அப்படியே நின்றிருந்தாள்.

நெல் குதிருக்குப் பின்னால்
ஃப்ளஷ் வைத்த ஒன்றை ஒளித்துக் கட்டினேன்.
தாழ்ப்பாள் உள்பக்கம்.