கரடி பேசக்கூடாது

அக்டோபர். ஆர்லாண்டோ.
கரடித் தலைக்குள் இன்னும் ஆடி மாத வெயில்.
கரடியின் வாய் வழியாகத்தான் எனக்குப் பார்வை.

ஏரியைச் சுற்றி இருபத்திரண்டு கடைகள்,
கடைக்கொரு தேசம், தேசத்துக்கொரு கோப்பை.
ஜெர்மனியில் நேராகத் தொடங்கியவர்கள்
ஜப்பான் வருவதற்குள்
தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்கிறார்கள்,
குழந்தைக்காக அல்ல.

அந்த மனிதரின் அட்டையில் பதினாலு முத்திரை.
ஓடிவந்து கட்டிக்கொண்டு
"லோரெட்டா போயிட்டா" என்றார்
என் பஞ்சுக் காதில்.
என் காது அங்கே இல்லை,
அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது.
கேட்டது.
நாலு விரல் கையால் முதுகைத் தட்டினேன்.
பிலார் அதையும் படம் எடுத்தாள்,
பதினெட்டு டாலர், சட்டத்தோடு.

மகளுக்கு ஏழு வயதிருக்கும்.
ஒரு கையில் பாதி கடித்த வான்கோழிக் கால்,
மறு கையில் கார்ச் சாவி.
எல்லாக் குழந்தைகளும் கரடியின் கண்ணைப் பார்க்கும்.
இவள் வாய்க்குள் பார்த்தாள்.

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

கரடி பேசக்கூடாது,
ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கம்.
கை நீட்டலாம். நீட்டினேன்.
பஞ்சு விரலில் நிற்காமல்
சாவி நழுவித் தரையில் விழுந்தது.

குனிந்தால் தலை கழன்றுவிடும்.

குனிந்தேன்.