மூடாத மேற்கோள்

நாற்பது லட்சம் வரி.
மேல்விஷாரம் கழிவுநீர் நிலையத்தின் ஏழு மாதம்
ஒரு பென்டிரைவில், ஸ்கூட்டர் சாவியோடு கோத்து
சத்துவாச்சாரி ஆபீசுக்கு வந்தது.
‘இரவு ஆபரேட்டர் எதையும் தெரிவிக்கவில்லை’
என்று அறிக்கை எழுதியாகிவிட்டது.
ஆளையும் நிறுத்தியாகிவிட்டது.
பின்னிணைப்புக்கு ஒரு அட்டவணை வேண்டும், அவ்வளவுதான்.

பிழை என்று குறித்த வரிகளைத் தேடினேன்.
சுத்தம்.
தகவல் என்று குறித்தவைதான் மிச்சம்,
அதை யார் படிப்பார்கள்?
பம்பு ஓடியது, பம்பு நின்றது, பம்பு ஓடியது.
நடுநடுவே, அலாரத்தை அணைக்கிற பெட்டியில்
யாரோ என்னவோ தட்டியிருக்கிறார்.

எழுதினேன்:
குறிப்பு, சமக்குறி, மேற்கோள், புள்ளி, நட்சத்திரம், மேற்கோள்.
பகாசுரப் பசி அதற்கு.
முதல் மேற்கோளில் வாய் வைத்து
வரியின் கடைசி மேற்கோள் வரை,
அழுத்தம், வெப்பம், ஆள் எண் எல்லாம் சேர்த்து விழுங்கியது.
நட்சத்திரத்தின் பின்னால் ஒரு கேள்விக்குறி வைத்தேன்.
ஒவ்வொரு எழுத்திலும்
போதுமா, போதுமா என்று கேட்டபடி போய்
முதல் மூடலிலேயே நின்றது.

அப்புறம் உதிர்ந்தன,
ஆங்கில எழுத்தில் தட்டிய நம்மூர்த் தமிழ்:

"மூணாம் வால்வு மூடல சார்"
"இன்னிக்கும் மூடல"
"போன் பண்ணேன் எட்க்கல"
"பாலாத்துப் பக்கம் வாட வர்து"
"மூணாம் வால்வு"
"சார் யாராச்சும் இத படிக்கிறீங்களா"

அறுபத்தொன்று.
ஆள் எண் 0417. பெயர்ப் பட்டியலில் பெ. எத்திராஜ்.
மூன்றாம் வால்வின் அலாரமோ அறுபத்திரண்டு.

வெளியே நாற்பத்திரண்டு டிகிரி.
ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிறது.
இனி வடிவம் உதவாது என்று
கண்ணால் உருட்டிக்கொண்டு போனேன்.
பிப்ரவரி பத்தொன்பது, விடிகாலை 3.12:

"சார் தண்ணி மேல வந்து

அங்கே அறுந்திருக்கிறது. ஆள் எண்கூட இல்லை.
அடுத்த வரி: கணினி மறுதொடக்கம்.
மூடாத பேச்சைப் பேச்சென்றே
என் வடிவம் மதிக்கவில்லை.
‘அல்லது வரி முடிவு’ என்று சேர்த்தேன்.
அறுபத்திரண்டு.

அறிக்கையின் முதல் வாக்கியத்தில் கை வைக்க
எனக்கு அதிகாரமில்லை.
அட்டவணையை ஒட்டினேன், எட்டுப் புள்ளி எழுத்தில் கேட்டதை
பன்னிரண்டில்.
பதினோரு பக்கம் போனது, போகட்டும்.

கடைசி வரிசைக்கு வந்தபோது
விரல் தானாக மேற்கோள் விசைக்குப் போனது.
பார்வைக்கு ஒழுங்காக இருக்கும்.

மூடல.