காலி வண்டிக்குக் கூலி

ஹூப்ளிக்கு எழுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
அதை ஆயிரத்து நானூறு என்று எழுதினான்
லோகிதாசன், பெரம்பூர் பாலத்தடியில்,
கிழித்த சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில்.
'போறது உங்க சாமான்.
வர்றது சும்மா.
சும்மாவுக்கும் டீசல் குடிக்கும் சார்.'

இருபத்தாறாயிரம்.
டோல் தனி, ஏத்துற கூலி தனி,
பீரோ இருந்தால் அதற்கு ஒரு தனி.

அமலோற்பவத்துக்கு மாற்றல் வந்து ஒன்பது நாள்.
ரயில் பெட்டிப் பட்டறையில் வெல்டர்.
அட்டையைக் கண்ணாடி இல்லாமல் தூரப் பிடித்துப் படித்தாள்.
'காலி வண்டிக்கு நான் ஏன் கூலி குடுக்கணும்?
பழைய குட்டியானை ஒண்ணு வாங்குவோம்.
ஏத்துவோம், இறக்குவோம்,
அங்கேயே வித்துடுவோம்.'

பதினோரு மாத ஒப்பந்தங்களில்
பதினோரு வருஷம் குடியிருந்தவர்கள் நாங்கள்.
ஆணி அடிக்கக் கூடாதென்று
காலண்டரை ஜன்னல் கொக்கியில் மாட்டியவர்கள்.
வாங்குவோம் என்று அவள் சொன்னதும்
எனக்கும் கொஞ்சம் ஜுரம் அடித்தது.
ராத்திரி முழுக்க வண்டிக்குப் பெயர் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாதவரம்.
வெயிலில் வரிசை கட்டி நின்றன குட்டியானைகள்.
ஒன்றின் முதுகில் 'முந்தலாம், முறைக்காதே'.
ஒன்றில் எப்போதோ ஏற்றிய வஞ்சிரம்
இன்னும் இறங்கவில்லை, வாசனையாக.
ஒன்றே முக்கால் என்றார் தரகர் சாதிக்.
அமலோற்பவம் செருப்பைக் கழற்றிவிட்டு
வண்டிக்கு அடியில் படுத்தாள்.
முழங்கையெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்து
'சேஸிஸ்ல ரெண்டு எடத்துல ஒட்டு.
ஒட்டினவனுக்குக் கை நடுக்கம்' என்றாள்.
தரகர் பேசாமல் இருபதாயிரம் குறைத்தார்.
டீ வாங்கித் தந்தார்.

எஃப்.சி. முடிய நாற்பது நாள்.
கர்நாடகத்தில் விற்க
ஆர்.டி.ஓ. தடையில்லாச் சான்று தர வேண்டும்.
தருவாங்க, என்றார், கையை மேலே காட்டி.
எல்லையில் வரி, பெர்மிட், எல்லாம் கூட்டி
நாங்கள் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தபோது
டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
சும்மா கேட்பதுபோலக் கேட்டார்:
'யாரு ஓட்டுறது?'

நான் அவளைப் பார்த்தேன்.
அவள் என்னைப் பார்த்தாள்.
எனக்கு ஸ்கூட்டி தெரியும். அவளுக்கு அதுவும் இல்லை.
நாலு நாள் சண்டையில்
இது எப்படி வராமல் போனது?

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில்
மூலக்கடை வரை அடக்கிவைத்திருந்து
அவள்தான் முதலில் சிரித்தாள்.
எதிரில் இருந்த பெரியவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

லோகிதாசன் விடியற்காலை மூன்றரைக்கு வந்தான்.
கயிறு மட்டும் நாங்கள் வாங்கியது.
மாடிப்படித் திருப்பத்தில் பீரோ பத்து நிமிஷம் யோசித்தது.
வீட்டுக்காரம்மா சுவரெல்லாம் தடவிப் பார்த்து
ஆணி ஓட்டை இல்லையென்று
அட்வான்ஸில் பெயின்ட் அடிக்க மட்டும் பிடித்துக்கொண்டார்.
காலண்டர் கொக்கியிலேயே தங்கிவிட்டது,
கிழிக்க ஆளில்லாத தேதியோடு.

இறக்கிப் போட்ட நாலாம் நாள்
லோகிதாசன் கூப்பிட்டான், இடையிடையே தும்மிக்கொண்டு.
கோயம்பேட்டில் நிற்கிறானாம்.
'ஹாவேரில ரிட்டர்ன் லோடு மாட்டுச்சு சார்,
பேடகி மொளகா, இருபது மூட்ட.'
சும்மாவுக்கு இரண்டு பக்கமும் கூலி.
ஸ்பீக்கரில் கேட்ட அமலோற்பவம்
கோபப்படப் போகிறாள் என்று பார்த்தேன்.
'நல்ல வெல கெடச்சுதா?' என்றாள்.

அதுக்கில்லம்மா, என்றான்.
மூட்டையை இறக்கினால் கீழே
ஒரு குக்கர் வெயிட் கிடந்ததாம்.
உங்களுதுதான். எடுத்து வச்சிருக்கேன்.
அடுத்த தடவ மெட்ராஸ் வரும்போது வாங்கிக்கிறீங்களா?

அடுத்த தடவை என்று
எங்களிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை.

முக்குக் கடையில் புது வெயிட் அறுபது ரூபாய்.
இன்னும் வாங்கவில்லை.
சோற்றை வடித்துத்தான் சாப்பிடுகிறோம்.